வாசகர் கேள்வி – பதில்: புதிய நுண்ணுயிர்க்கொல்லிகளை எங்கே, எப்படித் தேடுகிறார்கள்?

மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு, கல்லணையிலிருந்து கோடியக்கரை வரையுள்ள பல ஊர்களிலிருந்து வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பழைய மருந்துகள் ஒவ்வொன்றாகப் பலனற்றுப் போகும்போது புதியவை எங்கிருந்து வரும் என்ற ஒரே கவலைதான் பெரும்பாலான கடிதங்களில் வெவ்வேறு உருவில் இருக்கிறது. டெல்டா மாவட்டங்களின் கல்லூரி மாணவர்களுக்கு நெடுங்காலம் நுண்ணுயிரியல் கற்பித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை வெளியிடவில்லை.

நீடாமங்கலத்திலிருந்து ஓர் அரசு ஊழியர்: அம்மா, 72 வயதான என் தாயாருக்குச் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் இருந்த 18 மருந்துகளில் 14 மருந்துகளுக்கு நேராக 'ஆர்' என்று போட்டிருந்தார்கள். பத்து நாட்கள் ஊசி போட்டுத்தான் குணமானது. அறிவியல் இவ்வளவு வளர்ந்த பிறகும் புதிய மருந்து ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாதா?

தாயார் நலமடைந்தது அறிந்து மனம் நிம்மதியடைந்தது, ஐயா. அந்த 'ஆர்' என்ற எழுத்துக்கு 'ரெசிஸ்டன்ட்', அதாவது கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படாது என்று பொருள்; அது எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுநீரிலிருந்து வளர்த்தெடுத்த பாக்டீரியாவை, அகார் என்னும் கூழ் நிரப்பிய தட்டு முழுவதும் பூசி, அதன்மேல் ஒவ்வொரு மருந்தும் தோய்ந்த சிறு காகித வில்லைகளைப் பொட்டு வைப்பதுபோல வைத்து, ஓர் இரவு முழுவதும் உடல் வெப்பநிலையில் வைத்திருப்பார்கள். மருந்து வேலை செய்தால் மறுநாள் காலை வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் தெரியும். வேலை செய்யாவிட்டால் பாக்டீரியா வில்லையின் விளிம்பு வரை வெண்ணிறமாகப் படர்ந்திருக்கும். தங்கள் தாயாரின் தட்டில் 14 வில்லைகளைச் சுற்றி அப்படித்தான் படர்ந்திருந்திருக்கும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது.

புதிய மருந்து ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில், பழைய மருந்துகள் எப்படி வந்தன என்பதில் இருக்கிறது. 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டது தற்செயல் என்பது எல்லோரும் படித்த செய்தி. ஆனால் அதற்குப் பிறகு வந்த மருந்துகளில் பெரும்பாலானவை தற்செயலாக வந்தவை அல்ல. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனும் அவருடைய மாணவர்களும் மண்ணிலுள்ள பாக்டீரியாக்களை ஒவ்வொன்றாக வளர்த்து, அவற்றில் எது அருகிலுள்ள மற்றொரு கிருமியை வளரவிடாமல் தடுக்கிறது என்று வரிசையாகச் சோதிக்கும் முறையை உருவாக்கினார்கள். அந்த முறையால் 1943இல் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க்கு முதல் நல்ல மருந்து கிடைத்தது. அதைத் தந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்தை நாம் எல்லோரும் அறிவோம். கண்ணால் அல்ல, மூக்கால். கோடை உழவு முடிந்து காய்ந்து கிடக்கும் வயலில் முதல் மழை விழுந்தவுடன் எழும் மண்வாசனைக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்னும் சேர்மம். அதை உண்டாக்குபவை பெரும்பாலும் இந்தப் பாக்டீரியாக்களே. வெண்ணாற்றுக் கரை மண்ணை நீரில் கரைத்துத் தட்டில் பூசி ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்தால், சுண்ணாம்புத் தூள் தூவியதுபோன்ற வெண்மையான, வறண்ட புள்ளிகள் தெரியும். அதே மழை வாசனையும் வரும். மாணவர்கள் முதன்முறையாக அதை முகர்ந்து பார்க்கும்போது அவர்கள் முகம் மாறுவதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன்.

வாக்ஸ்மன் முறை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அள்ளிக் கொடுத்தது. பிறகு அதே மருந்துகளே திரும்பத் திரும்பக் கிடைக்கத் தொடங்கின. இந்த வகை மண் பாக்டீரியாக்கள் நூற்றில் ஒன்றாவது ஸ்ட்ரெப்டோமைசினைச் சுரக்கும் என்றும், டாப்டோமைசின் போன்ற அரிய மருந்தைச் சுரப்பது ஒரு கோடியில் ஒன்றாகத்தான் இருக்கும் என்றும் மதிப்பிடுகிறார்கள். கையை விட்டவுடன் கிடைத்ததையெல்லாம் எடுத்துவிட்டோம்; மீதி அடியாழத்தில் இருக்கிறது.

1990களில் பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுதிகளைப் படிக்க முடிந்தபோது, இனி மண் வேண்டாம், வேதியியலே போதும் என்ற நம்பிக்கை பிறந்தது. கிருமிக்கு இன்றியமையாத புரதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, லட்சக்கணக்கான செயற்கைச் சேர்மங்களை இயந்திரம்கொண்டு அதன்மீது சோதித்தார்கள். கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் நிறுவனம் 1995 முதல் 2001 வரை இப்படி 70 தேடல்களை நடத்தியது. மேற்கொண்டு வளர்க்கத் தகுந்தவையாக 5 சேர்மங்களே தேறின. தோல்விக்கு முக்கியக் காரணம், தங்கள் தாயாரைத் தாக்கியது போன்ற சிறுநீர்த் தொற்றுகளை உண்டாக்கும் ஈ.கோலி, கிளப்சியெல்லா வகைப் பாக்டீரியாக்களின் இரட்டைச் சுவர். அந்தச் சுவரில் மிகக் குறுகிய மதகுகள்தாம் உண்டு. பெரும்பாலான சேர்மங்கள் அவற்றில் நுழைய மாட்டா. தப்பித் தவறி நுழைந்தவற்றையும், வயலில் தேங்கிய மழைநீரை எஞ்சின் வைத்து இறைத்து வெளியே தள்ளுவதுபோல, அந்தப் பாக்டீரியா உடனே வெளியே தள்ளிவிடும். சோதனைக் குழாயில் புரதத்தை முடக்கிய சேர்மம், உயிருள்ள கிருமிக்குள் போகவே முடியவில்லை. ஆகவே இன்று ஆராய்ச்சியாளர்கள் மருந்தைத் தேடுவதற்கு முன்னால், மருந்தைத் தேடும் வழியையே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த மாதக் கடிதங்கள் அனைத்தும் அந்த வழிகளைப் பற்றியவையே.

கும்பகோணத்திலிருந்து இளநிலை நுண்ணுயிரியல் மாணவி: மண்ணிலுள்ள பாக்டீரியாக்களில் 1 சதவீதம் மட்டுமே ஆய்வகத்தில் வளரும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. மீதி 99 சதவீதத்தை என்ன செய்வது?

மிக நல்ல கேள்வி. நான் படித்த காலத்தில் இதை ஒரு வியப்பான தகவலாக மட்டும் சொல்லிக் கடந்துவிடுவார்கள். இன்று அதுவே தேடலின் மையமாகிவிட்டது. நுண்ணோக்கியில் எண்ணினால் ஒரு கிராம் மண்ணில் தெரியும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கைக்கும், தட்டில் புள்ளியாக வளர்பவற்றின் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. வளராதவை இறந்தவை அல்ல. அவற்றுக்கு வேண்டிய உப்போ, அண்டையில் வாழும் மற்றொரு உயிரின் சுரப்போ நம் தட்டில் இல்லை. சில வகை நெல்லை நாற்றங்காலில் எவ்வளவு பக்குவமாக வளர்த்தாலும் வேற்று மண்ணில் நடும்போது பிடிக்காமல் போவதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள்.

அமெரிக்காவின் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவா எப்ஸ்டைன், கிம் லூயிஸ் ஆகியோரின் குழுக்கள் இதற்குக் கண்ட வழி எளிமையில் அழகானது. பாக்டீரியாவை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து வளர்க்க முடியாவிட்டால், ஆய்வகத்தை மண்ணுக்குள் கொண்டுபோய்விடலாம் என்று அவர்கள் எண்ணினார்கள். 384 சிறு துளைகள் கொண்ட ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு, மண் கரைசலை நன்றாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு துளையிலும் ஏறத்தாழ ஒரே ஒரு பாக்டீரியா செல் அகப்படும்படி அகாருடன் நிரப்பினார்கள். இருபுறமும் மெல்லிய சவ்வை ஒட்டினார்கள். அந்தச் சவ்வின் வழியாக மண்ணின் சத்துகளும் சுரப்புகளும் உள்ளே வரும். பாக்டீரியா வெளியே போக முடியாது. பிறகு அந்தத் தகட்டை, மண் எடுத்த இடத்திலேயே புதைத்துவைத்தார்கள். 'ஐசிப்' என்று பெயரிடப்பட்ட இந்தக் கருவியில் பாதியளவு வரை செல்கள் வளர்ந்தன. அப்படி ஒருமுறை மண்ணுக்குள் கூட்டமாகப் பெருகிவிட்ட பாக்டீரியாக்களில் பல, அதன்பின் ஆய்வகத் தட்டிலும் வளரப் பழகிக்கொண்டன.

இம்முறையில் வளர்த்த சுமார் 10,000 பாக்டீரியாக்களைச் சோதித்து, மெய்ன் மாநிலத்தின் ஒரு புல்வெளி மண்ணிலிருந்து 2015இல் டெய்க்சோபாக்டின் என்னும் சேர்மத்தை அறிவித்தார்கள். பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் கொழுப்பு மூலக்கூறுகளை அது பற்றிக்கொள்கிறது. மருந்து பற்றுவது புரதமாக இருந்தால், ஒரு சிறு மரபணு மாற்றத்தால் கிருமி அதன் வடிவத்தை மாற்றித் தப்பித்துவிடும். இந்தக் கொழுப்பை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. அதனால்தான் ஆய்வகத்தில் அதற்கு எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாவை அவர்களால் உருவாக்க முடியவில்லை. ஆனால் அது ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற ஒற்றைச் சுவர்க் கிருமிகளை மட்டுமே கொல்லும். இரட்டைச் சுவரைத் தாண்டாது.

இதைவிடவும் எளிய வழி ஒன்று உண்டு: காத்திருப்பது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கெர்ரி ரைட் குழுவினர், ஹாமில்டன் நகரில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து எடுத்த மண்ணின் பாக்டீரியாக்களை ஏறத்தாழ ஓர் ஆண்டு முழுவதும் மெதுவாக வளரவிட்டார்கள். வேகமாக வளர்பவற்றோடு போட்டியிட முடியாமல் வழக்கமாகக் கண்ணில் படாமல் போகும் பாக்டீரியாக்களுக்கு அப்போதுதான் வாய்ப்புக் கிடைத்தது. அவற்றுள் பேனிபாசில்லஸ் இனத்தைச் சேர்ந்த ஒன்று சுரந்த லேரியோசிடின் என்னும் சேர்மம் 2025இல் வெளியானது. சுருக்குக் கயிறுபோல முடிச்சிட்ட வடிவம் கொண்ட அது, இரட்டைச் சுவர்க் கிருமிக்குள்ளும் நுழைந்து, புரதம் செய்யும் ரைபோசோமில் இதுவரை எந்த மருந்தும் பற்றாத இடத்தைப் பற்றிக்கொள்கிறது. நாம் தட்டுகளை ஒரு வாரத்தில் கழுவி வைத்துவிடுகிறோம். எத்தனை மருந்துகளை அப்படிக் கழுவிவிட்டோமோ என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வளர்க்காமலே தேடுவதும் நடக்கிறது. மண்ணிலிருந்து டி.என்.ஏ.வை மட்டும் பிரித்தெடுத்து, அதில் மருந்து செய்யும் மரபணுக்கள் இருக்கின்றனவா என்று படித்து, அவற்றை வளரக்கூடிய வேறொரு பாக்டீரியாவுக்குள் புகுத்தி அதைச் செய்யவைக்கிறார்கள். ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஷான் பிரேடி குழுவினர் 2018இல் மலாசிடினை இவ்வாறு கண்டார்கள். 2022இல் அதே குழு இன்னும் ஒரு படி மேலே சென்று, மரபணு வரிசையைக் கணினியில் படித்து, அது எந்த மூலக்கூறைச் செய்யும் என்று ஊகித்து, அதை வேதியியல் முறையிலேயே தயாரித்துவிட்டது. அந்தச் சேர்மத்துக்கு சிலாகிசின் என்று பெயர். நாம் நன்றாக அறிந்ததாக எண்ணியிருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோயலிகலர் என்ற பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை 2002இல் படித்தபோது, இத்தகைய சேர்மங்களைச் செய்யும் 20க்கும் மேற்பட்ட மரபணுக் கொத்துகள் இருப்பது தெரிந்தது; அதுவரை அறிந்திருந்தவை ஒரு சில மட்டுமே.

திருக்காட்டுப்பள்ளி அருகிலிருந்து ஒரு விவசாயி: குறுவைக்கு விதைநேர்த்தி செய்யும்போது ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலக்கிறோம். நெற்பயிரின் நோய்க்கிருமியை அது தடுக்கிறது என்றால், மனிதனின் நோய்க்கும் அது மருந்தாகுமா?

ஐயா, தங்கள் கேள்வி தாங்கள் நினைப்பதைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது. தாங்கள் விதையில் கலப்பது சூடோமோனாஸ் ஃபுளுரசன்ஸ் என்னும் பாக்டீரியா. வேரைச் சுற்றிக் குடியேறி, பல வகைச் சேர்மங்களைச் சுரந்து, குலைநோய், இலையுறைக் கருகல் போன்ற நோய்களின் பூசணங்களை அடக்குவது அதன் பணி. இதே இனத்தின் வேறொரு வகையிலிருந்து 1971இல் பிரித்தெடுத்து விவரிக்கப்பட்ட சேர்மம்தான் இன்று முபிரோசின் என்ற பெயரில் எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் களிம்பு. குழந்தைகளுக்கு வரும் சீழ்க்கொப்புளத்துக்கு மருத்துவர்கள் எழுதித் தருவது பெரும்பாலும் அதுவே.

ஆனால் முபிரோசின் ஏன் களிம்பாக மட்டும் இருக்கிறது, மாத்திரையாக ஏன் இல்லை? இரத்தத்துக்குள் போனவுடன் நம் உடல் அதை உடைத்துப் பயனற்றதாக்கிவிடுகிறது. கிருமியைக் கொல்வது மட்டும் மருந்துக்குப் போதாது. குடலில் உறிஞ்சப்பட வேண்டும், இரத்தத்தில் சில மணி நேரமாவது நிலைக்க வேண்டும், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்காமல் இருக்க வேண்டும், நோய் உள்ள இடத்துக்குப் போதிய அளவில் போய்ச் சேர வேண்டும். பிளீச்சிங் பவுடர்கூடக் கிருமியைக் கொல்லும். அதை யாரும் குடிப்பதில்லை. கண்டுபிடித்த சேர்மங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கைவிடப்படுகின்றன. ஒரு சேர்மம் மருந்தாக வர பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆவதும் இதனால்தான். விதைநேர்த்திக்கான பொடியைப் புண்ணில் தடவ வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்ல அனுமதியுங்கள். பாக்டீரியா இலைக்கருகலுக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைத் தெளிக்கும் வழக்கம் நம் பகுதியில் நெடுநாளாக இருந்து வருகிறது. அவை மனிதர்களின் மருந்துகள். ஒரு வயலில் தெளிப்பது அந்த வயலின் மண்ணிலும் வாய்க்காலிலும் உள்ள கோடானுகோடிப் பாக்டீரியாக்களுக்கு அந்த மருந்தைத் தாங்கப் பயிற்சி கொடுப்பதாகும். தழைச்சத்தை அளவோடு பிரித்து இடுவது, நோய் தாங்கும் இரகத்தைத் தேர்ந்தெடுப்பது, வயலில் நீரைத் தேங்கவிடாமல் வடிப்பது ஆகியவற்றைத் தங்கள் வேளாண்மை அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு சித்த மருத்துவ ஆர்வலர்: மஞ்சளும் வேம்பும் கிருமியைக் கொல்லும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஆய்வகங்களும் அதை நிரூபித்துவிட்டன. அப்படியிருக்க, அவற்றை விட்டுவிட்டு மண்ணைத் தோண்டுவது ஏன்?

தங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். அதனால்தான் மழுப்பாமல் பதில் சொல்ல விரும்புகிறேன். மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்தும்போது, இலைச்சாற்றைக் காகித வில்லையில் ஊற்றித் தட்டில் வைத்து, 'தெளிந்த வட்டத்தின் விட்டம் 14 மில்லிமீட்டர். எனவே இம்மூலிகை சிறந்த கிருமிக்கொல்லி' என்று முடித்திருப்பதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். வட்டம் உண்மை, முடிவுதான் தவறு. கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு குறைந்த அளவில் அது கிருமியைத் தடுக்கிறது என்பது. நல்ல நுண்ணுயிர்க்கொல்லி ஒரு மில்லிலிட்டரில் ஓரிரு மைக்ரோகிராம் இருந்தாலே வேலை செய்யும். பெரும்பாலான தாவரச் சாறுகளுக்கு மில்லிகிராம் கணக்கில், அதாவது ஆயிரம் மடங்கு, தேவைப்படுகிறது. அந்த அளவை நம் இரத்தத்தில் கொண்டுவருவது இயலாது. மஞ்சளிலுள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, விரைவில் சிதைகிறது. போதாததற்குப் பல சோதனைகளில் உண்மையாக வேலை செய்யாமலேயே வேலை செய்வதுபோலத் தோற்றம் காட்டும் இயல்பும் அதற்கு உண்டு. தோலில் பூசும் மஞ்சளுக்கும் உட்கொள்ளும் மருந்துக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

இதனால் பழைய ஏடுகள் பயனற்றவை என்று ஆகாது. சீனாவின் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, அவரது குழு சிங்ஹாவோ என்னும் செடியின் சாற்றைச் சோதித்து, பலன் நிலையாக இல்லாமல் தவித்தது. நான்காம் நூற்றாண்டு மருத்துவ ஏடு ஒன்றில், அச்செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு எழுதியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. வெப்பம்தான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக்கொண்டு 1971இல் சாற்றைப் பிரித்தார். ஆர்ட்டெமிசினின் அவ்வாறு கிடைத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. தஞ்சை சரசுவதி மகாலில் மருத்துவச் சுவடிகள் இருக்கின்றன. அவற்றை மூலிகைப் பெயர்களின் பட்டியலாக மட்டும் படிக்காமல், எந்தப் பருவத்தில் பறிக்கச் சொன்னார்கள், எதில் ஊறவைக்கச் சொன்னார்கள், எதைக் காய்ச்ச வேண்டாம் என்றார்கள் என்று செய்முறையைக் கவனித்துப் படிக்க, தமிழும் வேதியியலும் சேர்ந்து அறிந்த இளைஞர்கள் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தஞ்சாவூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: செயற்கை நுண்ணறிவு மருந்து கண்டுபிடித்துவிட்டது என்று செய்தி வருகிறதே, இனி மண்ணும் தட்டும் தேவையா?

தேவை. என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் காலின்ஸ், ரெஜினா பார்சிலே குழுவினர் 2,300க்கும் மேற்பட்ட சேர்மங்களை ஈ.கோலி மீது சோதித்து, எது தடுத்தது, எது தடுக்கவில்லை என்ற முடிவுகளைக் கணினிக்குக் கற்பித்தார்கள். அது வேறு நோய்களுக்காக ஆராயப்பட்ட ஆயிரக்கணக்கான சேர்மங்களைப் பார்த்து, நீரிழிவுக்காக ஆராயப்பட்டுக் கைவிடப்பட்டிருந்த ஒன்றைச் சுட்டிக்காட்டியது. 2020இல் வெளியான ஹாலிசின் அதுதான். 2023இல் மக்மாஸ்டரும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து, மருத்துவமனைத் தொற்றுகளில் மிகவும் அஞ்சப்படும் அசினெட்டோபாக்டருக்கு எதிராக இப்படித் தேடின. கணினி தேர்ந்தெடுத்த சேர்மங்களிலிருந்து 240ஐத் தட்டில் சோதித்ததில், மேற்கொண்டு பார்க்கத் தகுந்தவை 9. அவற்றில் ஒன்று அபாசின். அது அந்த ஒரு கிருமியை மட்டும் தாக்கி, குடலின் நல்ல பாக்டீரியாக்களை விட்டுவிடுவது எனக்குப் பெரிய நற்செய்தியாகப் படுகிறது.

கணினி தேடல் வெளியைச் சுருக்கித் தருகிறது, சோதிப்பது தட்டுதான். 2024இல் உலகெங்கும் மண், நீர், விலங்குகளின் குடல் ஆகியவற்றிலிருந்து திரட்டிய மரபணுத் தரவுகளைக் கணினி சலித்து, கிருமியைக் கொல்லக்கூடும் என்று 8,63,498 சிறு புரதங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் 100ஐச் செய்து பார்த்ததில் 79 வேலை செய்தன. அந்த விகிதம் வியப்பானது. இருந்தும் அவற்றில் எதை நம் உடல் தாங்கும் என்று சொல்லப் போதிய தரவு கணினியிடம் இல்லை. அத்தகைய தரவு இன்னும் ஆய்வக மேசைகளில்தான் உருவாக வேண்டும். உங்களைப் போன்றவர்கள் நிரல் எழுதுவதோடு ஓர் ஆண்டாவது அந்த மேசையில் நின்று தட்டு பூசக் கற்றுக்கொண்டால், கணினிக்கு என்ன கேள்வி கேட்பது என்பது கைக்குத் தெரியும்.

திருவையாற்றிலிருந்து ஒரு வாசகர்: ஆற்றுநீருக்குக் கிருமியைக் கொல்லும் தன்மை உண்டு என்று என் தாத்தா சொல்வார். அதில் உண்மை உண்டா?

1896இல் எர்னஸ்ட் ஹான்கின் என்பவர் கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி இறப்பதையும், நீரைக் காய்ச்சிவிட்டால் அந்தத் தன்மை போய்விடுவதையும் எழுதிவைத்தார். பாக்டீரியாவை மட்டும் தாக்கும் ஃபேஜ் என்னும் வைரஸ்களே அதற்குக் காரணமாயிருக்கும் என்று பின்னர் கருதினார்கள். ஃபேஜ்களை மருந்தாகக் கொடுக்கும் முறை ஜார்ஜியாவின் திபிலிசியில் 1923 முதல் நடந்து வருகிறது. எல்லா மருந்தும் தோற்ற நோயாளி ஒருவரை 2016இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் அதுவே காப்பாற்றியது. ஒவ்வொரு ஃபேஜும் ஒரு கிருமியின் சில வகைகளை மட்டுமே கொல்லும்; ஆகவே நூற்றுக்கணக்கான ஃபேஜ்களைச் சேமித்துவைத்து நோயாளிக்கேற்பப் பொருத்த வேண்டும். அவற்றை அதிகம் எடுப்பது ஆற்றிலிருந்து அல்ல, சாக்கடையிலிருந்து. கிருமி மிகுந்த இடத்தில்தான் அதைத் தின்பதும் மிகும். காய்ச்சாத ஆற்றுநீரைக் குடிக்க வேண்டாம்.

மன்னார்குடியிலிருந்து ஒரு மருந்துக்கடை உரிமையாளர்: இவ்வளவு கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் என் கடைக்கு வருவதெல்லாம் பழைய மருந்துகளின் புதிய பெயர்கள்தாமே?

உண்மைதான், ஐயா. காரணம் தங்கள் தொழிலிலேயே இருக்கிறது. இரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒருவர் ஆயுள் முழுவதும் வாங்குவார். நுண்ணுயிர்க்கொல்லியை ஏழு நாள் வாங்குவார். மிகப் புதியதாக இருந்தால், அது பலனற்றுப் போகாமலிருக்க, அதை எழுதவே கூடாது என்று மருத்துவர்கள் பூட்டிவைப்பார்கள். மருந்து நல்லதாக இருக்க இருக்க விற்பனை குறையும். அமெரிக்காவின் அக்கேயோஜன் நிறுவனத்தின் பிளாசோமைசின் 2018 ஜூனில் அனுமதி பெற்றது; 2019 ஏப்ரலில் நிறுவனம் திவாலானது. ஆகவே பிரிட்டன் 2022இல் வேறொரு வழியைச் சோதிக்கத் தொடங்கியது. எத்தனை குப்பி விற்றது என்று பாராமல், தேவைப்படும்போது மருந்து இருக்க வேண்டும் என்பதற்காக, அந்தச் சோதனையில் ஒரு மருந்துக்கு ஆண்டுக்கு ஒரு கோடி பவுண்டு வரை சந்தாவாகத் தந்தது. மருந்தைக் கண்டுபிடிப்பதைப் போலவே, அதற்குப் பணம் தரும் முறையைக் கண்டுபிடிப்பதும் இந்தத் துறையின் வேலையாகிவிட்டது. இதை எந்த அளவுக்கு வலியுறுத்தினாலும் தகும்.

நம் பக்கத்திலிருந்தும் நல்ல செய்திகள் உண்டு. கிருமிகள் நம் மருந்தை வெட்டிப் போடப் பயன்படுத்தும் நொதியை முடக்கும் என்மெட்டசோபாக்டம் சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் உருவானது. செஃபிபிம் என்ற பழைய மருந்தோடு சேர்த்து, கடினமான சிறுநீர்த் தொற்றுகளுக்காக, 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. நீடாமங்கலத்து வாசகர் இதைக் கவனிக்க வேண்டும். பழைய மருந்துக்கு ஒரு காவலனைத் துணையாக அனுப்புவதும் புதிய மருந்து கண்டுபிடிப்பதற்குச் சமமே.

முத்துப்பேட்டையிலிருந்து ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவர்: எங்கள் ஊர் அலையாத்திக் காட்டுச் சேற்றில் புதிய மருந்து இருக்குமா? நாங்கள் ஏதேனும் செய்யலாமா?

இருக்கலாம். உப்பும் நன்னீரும் மாறி மாறி ஏறி இறங்கும், காற்றோட்டம் குறைந்த அந்தச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் வயல் மண்ணிலுள்ளவற்றிலிருந்து வேறுபட்டவை. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் போன்ற இடங்களில் அலையாத்திக் காடுகளின் நுண்ணுயிர்களை ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜோ ஹாண்டல்ஸ்மன் 2012இல் தொடங்கிய வகுப்பு முறையில், கல்லூரி மாணவர்கள் தத்தம் ஊர் மண்ணை எடுத்துவந்து, நோய் உண்டாக்காத, ஆனால் நோய்க்கிருமிக்கு உறவான பாக்டீரியாக்கள்மீது சோதித்து மருந்து தேடுகிறார்கள். உங்கள் பள்ளி ஆசிரியர் அருகிலுள்ள கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையோடு பேசினால் இங்கும் அதைச் செய்யலாம். வீட்டில் பாக்டீரியாவை வளர்க்காதீர்கள். சேற்றில் எது வளரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

மண் எடுக்கும் வேலையை மட்டும் நீங்களே சரியாகச் செய்யலாம். கொதிநீரில் போட்டு எடுத்து ஆறவைத்த கரண்டியால், மேற்பரப்பை விலக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்திலிருந்து இரண்டு கரண்டி எடுத்துப் புதிய உறையில் இடுங்கள். வெயிலில் வைக்காமல் அன்றே கல்லூரியில் சேர்த்துவிடுங்கள். தேதி, இடம், ஆழம், அருகில் நின்ற மரம் எது, ஏற்றமா வற்றமா ஆகியவற்றை ஒரு தாளில் பென்சிலால் எழுதி உறையோடு வையுங்கள். பேனா மை அந்த ஈரத்தில் கரைந்துவிடும்.